புகைபோக்கியைப் பார்த்தது போதும், ஆளைப் பாருங்கள்

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில், வி. கைகாட்டிப் பக்கம் காலையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். சுண்ணாம்புக்கல் டிப்பர் ஒன்று போய் அதன் தூசி அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். ரெட்டிபாளையம் சுற்றுவட்டாரத்தில் வீட்டு வாசலில் குண்டானைக் கவிழ்த்துத்தான் வைப்பார்கள். வேப்பங்கொத்தை உருவினால் விரலில் வெள்ளையாக ஒட்டும். துணி காயப்போடுகிறவர்கள் முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார்கள்.

இந்த மண்ணுக்கு அடியில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் தளவாய், கோவிந்தபுரம், கீழப்பழுவூர், ரெட்டிபாளையம் என்று சிமெண்ட் ஆலைகளைக் கொண்டுவந்து சேர்த்தது. அவற்றால் வேலை வந்தது, சாலை வந்தது, மாவட்டத்துக்குப் பேரும் வந்தது. அதை யாரும் மறுக்கவில்லை. நான் மறுக்க வந்தது வேறு ஒன்றை. டீக்கடையிலிருந்து கலெக்டர் ஆபீஸ் வரை எல்லோர் வாயிலும் பழகிப்போன ஒரு பேச்சு இருக்கிறது: “மாசு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேளுங்கள். நோய் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அளவெல்லாம் வரம்புக்குள்தான் இருக்கிறது. தூசியால்தான் இழுப்பு வந்தது என்பதற்கு நிரூபணம் இல்லை. இதில் சுகாதாரத் துறைக்கு என்ன வேலை?”

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சின் ஒவ்வொரு வரியும் தவறு. எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வரி: மாசு வாரியத்தின் வேலை, நோய் ஆஸ்பத்திரியின் வேலை.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982-ல். அதற்கு 43 ஆண்டுகள் முன்பே, 1939-ல், சென்னை மாகாணம் பொது சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. நாட்டில் அப்படியொரு சட்டத்தை முதலில் இயற்றியது நாம்தான். அதில் மக்களின் உடல்நலத்துக்குக் கேடு செய்யும் தொல்லைகளை அகற்றுவது பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. அந்தச் சட்டம் சுகாதார அலுவலரை மருந்துக் கிடங்குக்குக் காவலாக வைக்கவில்லை. தெருவில் இறங்கிப் பார்க்கிறவராக, கேடு எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போகிறவராகத்தான் வைத்தது. காலராவும் பிளேக்கும் இருந்த நாளில் நம் சுகாதார ஆய்வாளர்கள் அதைத்தான் செய்தார்கள். ஒரு தெருவில் இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் இன்றைக்கும் கிணற்றில் குளோரின் போட ஆள் வருகிறார். எந்தக் குழாய், எந்தத் தொட்டி என்று விசாரிக்கிறார். தண்ணீருக்குச் செய்யும் இந்த வேலை காற்றுக்கு மட்டும் எப்படி வேற்றுத் துறையின் வேலையாகிவிட்டது?

வாரியத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அது புகைபோக்கியை அளக்கிறது. அதைச் செய்யத்தான் அது இருக்கிறது. மனிதனின் மார்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க அதனிடம் மருத்துவரும் இல்லை, நர்சும் இல்லை. ஆலைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகளை நிறைவேற்றியதாக அறிக்கை தருகின்றன. தொழிலாளர்களுக்கு உடல் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதும் அந்த நிபந்தனைகளுக்குள் வரும். ஆலைக் கேட்டுக்கு உள்ளே இருப்பவருக்கு அந்தப் பரிசோதனையாவது உண்டு. கேட்டுக்கு வெளியே டிப்பரின் பின்னால் சைக்கிள் மிதிக்கும் பெண் பிள்ளைக்கு யார் பரிசோதனை செய்வது?

அந்தப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் ஒருநாள் உட்கார்ந்திருந்தேன். மாசி மாதம், காய்ந்த காற்று. வரிசையில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி பேரனை இடுப்பில் வைத்திருந்தார். பையனுக்கு நாலு வயது இருக்கும். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே போய் வந்தது. நர்ஸம்மா மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார். பத்து நிமிஷத்தில் பையன் தெளிந்துவிட்டான். “மாசத்துல ரெண்டு மூணு தடவ இவனத் தூக்கிட்டு வந்துடுறேன்மா” என்றார் பாட்டி. ஓ.பி. நோட்டில் பெயர், வயது, பால், ஊர், நோய், மருந்து என்று கட்டம் போட்டிருந்தது. நோய்க் கட்டத்தில் ‘ஏ.ஆர்.ஐ.’ என்று எழுதினார்கள். கடும் சுவாசத் தொற்று என்று அதற்குப் பொருள். மழையில் நனைந்து சளி பிடித்த பிள்ளைக்கும் அதே மூன்றெழுத்துதான்.

நர்ஸம்மா செய்ததில் ஒரு குறையும் இல்லை. அவர் கையில் மூச்சுத் திணறும் பிள்ளை இருந்தது, அதைக் காப்பாற்றினார். குறை அந்த நோட்டில் இருக்கிறது. வீடு எந்தச் சாலை ஓரத்தில், அப்பா அம்மாவுக்கு என்ன வேலை, இழுப்பு எந்த நேரத்தில் வருகிறது, எத்தனையாவது முறை என்று கேட்க அதில் கட்டமே இல்லை. அந்த நோட்டிலிருந்து எண்கள் நோய்க் கண்காணிப்புத் திட்டத்துக்குப் போகின்றன. ஆலையின் கருவியிலிருந்து எண்கள் இடைவிடாமல் மாசு வாரியத்துக்குப் போகின்றன. இரண்டையும் ஒரே மேஜையில் விரித்துவைத்துப் பார்ப்பதுதான் விசாரணை. மாசு அவர்களுக்கு, நோய் இவர்களுக்கு என்று பிரித்துவிட்டால் அந்த மேஜையைப் போடும் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போகும்.

இரண்டாவது வரி: அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது.

எந்த அளவு, எங்கே எடுத்த அளவு என்று திருப்பிக் கேளுங்கள். சிமெண்ட் சூளையின் புகைபோக்கிக்கு ஒரு கன மீட்டருக்கு 30 மில்லிகிராம் தூசி என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அது புகைபோக்கிக்குள் அளப்பது. வாசல் குண்டானில் விழும் தூசியில் பெரும்பங்கு புகைபோக்கி வழியாக வருவது கிடையாது. சுரங்கத்தில் வெடி வைக்கும்போதும், தார்ப்பாய் சரியாக மூடாத லாரியிலிருந்தும், உடைந்த சாலையில் சக்கரம் ஏறி இறங்கும்போதும் கிளம்புவது அது. அதற்குப் புகைபோக்கியில் வைத்த கருவி பதில் சொல்லாது.

சரி, ஊர்க் காற்றையே அளந்தார்கள் என்று வையுங்கள். நம் நாட்டில் பி.எம்.10 என்னும் நுண்தூசிக்கு 24 மணி நேரச் சராசரி வரம்பு 100 மைக்ரோகிராம். சராசரி என்ற சொல்லைக் கவனியுங்கள். காலை 6 மணி முதல் 9 மணி வரை காற்றில் தூசி 400 என்று வைத்துக்கொள்வோம். மீதி 21 மணி நேரமும் 50. கூட்டி 24-ஆல் வகுத்தால் 94 வரும். வரம்புக்குள் இருக்கிறது என்று அறிக்கை எழுதிவிடலாம், அதில் பொய்யும் இல்லை. ஆனால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது அந்த மூன்று மணி நேரத்தில்தான். நூறு நாள் வேலைக்குப் பெண்கள் நடந்து போவதும் அந்த நேரத்தில்தான். சராசரியை யாரும் சுவாசிப்பதில்லை. அந்தந்த நேரத்தில் இருக்கும் காற்றைத்தான் சுவாசிக்கிறோம். இன்னொன்றும் உண்டு: ஆளை வைத்துக் காற்றை அளக்கும் நிலையங்களில் வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 அளவுகள் என்பதுதான் கணக்கு. மீதி ஐந்து நாள் காற்று எப்படி இருந்தது என்று அந்தக் கணக்கு சொல்லாது.

வரம்பும் வானத்திலிருந்து இறங்கியது கிடையாது. பி.எம்.2.5 என்னும் மிக நுண்ணிய தூசிக்கு நாம் 2009-ல் வைத்த ஆண்டு வரம்பு 40. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு 5. ஒரே காற்று இங்கே தேறுகிறது, அங்கே எட்டு மடங்கு தவறுகிறது. நுரையீரல் மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

அமெரிக்காவில் ஃபிளின்ட் என்று ஒரு நகரம். 2014 ஏப்ரலில் அங்கே குடிநீர் எடுக்கும் இடத்தை ஓர் ஆற்றுக்கு மாற்றினார்கள். தண்ணீர் நிறம் மாறியிருக்கிறது, நாறுகிறது என்று மக்கள் குடத்தோடு வந்து முறையிட்டார்கள். தண்ணீர் விதிகளுக்கு உட்பட்டே இருக்கிறது என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2015 செப்டம்பரில் மோனா ஹன்னா அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர், தன் மருத்துவமனைப் பதிவேடுகளைப் பகுதிவாரியாகப் பிரித்து எண்ணினார். தண்ணீர் மாறிய பிறகு, இரத்தத்தில் ஈயம் கூடுதலாக உள்ள பிள்ளைகளின் பங்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். தண்ணீர் அளவு சொல்லாததைப் பிள்ளைகளின் இரத்தம் சொன்னது. அந்த மருத்துவர் புதுக் கருவி எதையும் வாங்கவில்லை. ஏற்கெனவே இருந்த நோட்டை ஊர் வரிசையில் புரட்டினார்.

மூன்றாவது வரி: நிரூபணம் இல்லை. அந்த ஊரில் பீடி குடிக்கிறார்கள், விறகடுப்பு எரிக்கிறார்கள், இழுப்பு அதனால்கூட வந்திருக்கலாம்.

வந்திருக்கலாம், மறுக்கவில்லை. அதைப் பிரித்துக் காட்டத்தான் விசாரணை என்று ஒன்று இருக்கிறது. ஆலைக்கு அருகில் ஓர் ஊர், அதே மாதிரிக் குடும்பங்கள், அதே பீடி, அதே விறகடுப்பு உள்ள ஆனால் லாரி போகாத இன்னோர் ஊர். இரண்டு ஊர்ப் பிள்ளைகளையும் ஊதச் சொல்லுங்கள். மூச்சின் வேகத்தை அளக்கும் சின்னக் குழல் ஒன்று இருக்கிறது. கையடக்கம், விலையும் பெரிதில்லை. பீடிதான் காரணம் என்றால் இரண்டு ஊரும் ஒரே மாதிரி இருக்கும். அப்படி இருந்தால் அதையும் ஊரறியச் சொல்லுங்கள், நான் முதல் ஆளாக ஒப்புக்கொள்கிறேன்.

கேரளத்தின் காசர்கோட்டில் நடந்தது இதுதான். அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகள் மீது எழுபதுகளின் கடைசியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். பிள்ளைகள் ஊனத்தோடு பிறப்பதாக ஊர் கதறியபோது, சொந்தத்தில் கல்யாணம் செய்வதால் வந்தது என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். 2001-ல் அகமதாபாத்திலுள்ள தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் வந்து, மருந்து தெளித்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளையும் தெளிக்காத ஊர்ப் பிள்ளைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தது. வித்தியாசம் தெரிந்தது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அந்த மருந்துக்குத் தடை போட்டது. இத்தனைக்கும் சந்தேகம் எழுந்தது ஆய்வகத்தில் கிடையாது. ஒரே மாதிரி நோயாளிகள் ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று யோசித்த ஒரு கிராமத்து மருத்துவரின் மேஜையில்தான் எழுந்தது.

நிரூபணம் இல்லை என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. தேடிப் பார்த்தோம், இல்லை என்பது ஒன்று. தேடவே இல்லை என்பது இன்னொன்று. முதலாவது விடை. இரண்டாவது வெறும் கைவிரிப்பு. இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தால் சொல்லும் வசதியை நாம் யாருக்கும் தரக் கூடாது.

நாலாவதாக ஒன்று சொல்வார்கள், குரலைத் தாழ்த்தி: “விசாரணை என்று கிளம்பினால் பீதி பரவும். ஆலையை மூடுவார்கள். பிழைப்பு போய்விடும்.” இதைச் சொல்கிறவர்களில் ஆலையில் கூலிக்குப் போகும் தகப்பன்மார்களும் இருக்கிறார்கள். அவர்கள் பயத்தை நான் மதிக்கிறேன். அதனால்தான் இதற்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

2015 கோடையில் நியூயார்க்கின் தெற்கு பிராங்ஸ் பகுதியில் திடீரென்று பலருக்கு நிமோனியா வந்தது. 138 பேர் படுத்தார்கள், 16 பேர் இறந்தார்கள். நகர சுகாதாரத் துறை நோயாளிகளிடம் எங்கே போனீர்கள், எந்தத் தெருவில் நடந்தீர்கள் என்று கேட்டு வரைபடத்தில் குறித்தது. கட்டட மாடிகளில் ஏ.சி.க்காக வைத்திருக்கும் குளிர்விப்புத் தொட்டிகளில் மாதிரி எடுத்தது. நோயாளிகளின் நுரையீரலில் இருந்த கிருமியையும் தொட்டிகளில் இருந்த கிருமியையும் ஒப்பிட்டது. ஒரு ஹோட்டலின் தொட்டியில் இருந்த கிருமி அப்படியே பொருந்தியது. அதன் பிறகு நகரத்தில் ஏ.சி.யைத் தடை செய்யவில்லை. குளிர்விப்புத் தொட்டி வைத்திருப்பவர் எல்லோரும் பதிவு செய்ய வேண்டும், முறையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று அந்த ஆகஸ்டிலேயே சட்டம் போட்டார்கள். விசாரணை குற்றத்தைச் சுருக்கிக் காட்டியது. பல தொட்டிகள் மேல் இருந்த சந்தேகம் ஒன்றின் மேல் வந்து நின்றது.

விசாரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2024 அக்டோபர் 25 அன்று சென்னை திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் ஏதோ நெடி வந்து மாணவிகள் மயங்கினார்கள். காற்றை அளக்கும் வண்டி வந்தது, பேரிடர் மீட்புப் படையும் வந்தது. வந்தவர்களுக்காக நெடி காத்திருக்கவில்லை, காற்றோடு போய்விட்டது. நவம்பர் 4-ல் பள்ளியைத் திறந்தார்கள். அன்றைக்கே மறுபடி மாணவிகள் மயங்கினார்கள். பெற்றோர் வாசலில் நின்று கேட்டது ஒரே கேள்விதான்: என்ன வாயு, எங்கிருந்து வந்தது? அவர்கள் மனம் ஏற்கும்படியான விடை கிடைக்கவில்லை. விடை இல்லாத இடத்தில்தான் பீதி வளர்கிறது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்து மக்கள் கண் எரிச்சலில் எழுந்து, கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள். உர ஆலைக்குக் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்திருந்தது. மாசு வாரியம் ஆலை வாசலில் அளந்தபோது ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் இருந்தது. வரம்பு 400. ஆனால் அந்த மக்களை எழுப்பியது எந்த அபாயச் சங்கும் இல்லை, அவர்கள் மூக்குதான் எழுப்பியது. இப்படிப்பட்ட ராத்திரிகளில் முதல் ஒரு மணி நேரம்தான் சாட்சி. யாருக்கு எத்தனை மணிக்கு எங்கே நின்றபோது என்ன ஆனது என்று கேட்டு எழுத, காற்றைப் பிடித்து வைக்க, நோயாளியின் இரத்தத்தை எடுத்து வைக்க அப்போதே ஆள் வேண்டும். தீயணைப்பு வண்டி தயாராக நிற்பது போல ஒரு சுகாதாரக் குழுவும் தயாராக நிற்க வேண்டும்.

கடைசியாக ஒரு சமாதானம் இருக்கிறது: அதெல்லாம் பணக்கார நாட்டு வேலை, நமக்கு வசதி ஏது?

2008-ல் வெளியான ஓர் ஆய்வுக்காகத் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறை, தூத்துக்குடி தாமிர ஆலையைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 80,000 பேரை வீடு வீடாகப் போய் ஆராய்ந்தது. மூச்சு சம்பந்தப்பட்ட நோய்கள் மற்ற இடங்களைவிட அங்கே கூடுதலாக இருப்பதாக எழுதியது. செய்தவர்கள் நம் அரசு மருத்துவர்கள், நம் மாணவர்கள். அந்த அறிக்கையைக் கையில் எடுத்து அன்றைக்கே நடந்திருந்தால் பேச்சுவார்த்தையோடு முடிந்திருக்கக்கூடிய விஷயம் அது. 2018 மே மாதம் அந்த ஆலைக்கு எதிரான போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர் போன பிறகுதான் அப்படியோர் அறிக்கை இருப்பதையே பலர் கேள்விப்பட்டார்கள். திறமை நம்மிடம் இல்லாமல் இல்லை. எழுதியதைப் படிக்கவும், படித்ததன்மேல் நடக்கவும் மனம்தான் இல்லை.

அரியலூரிலேயே 2022 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சமுதாய மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 ஆகஸ்டிலிருந்து பெண் தன்னார்வலர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். அந்தப் பையில் ஊதும் குழல் ஒன்றைச் சேர்த்தால் போதும். கிராம சுகாதார செவிலியருக்கு எந்த வீட்டுப் பிள்ளைக்கு இழுப்பு என்று பெயரோடு தெரியும். ஆள் இருக்கிறது, பை இருக்கிறது, சட்டம் 1939-லிருந்தே இருக்கிறது. இது எங்கள் வேலை என்று சொல்லும் ஒரு கையெழுத்துதான் பாக்கி.

ஆலை குற்றவாளி என்று இந்தக் கட்டுரையில் நான் எங்கும் எழுதவில்லை. தீர்ப்பு சொல்ல நான் யார்? விசாரிக்காமலே ‘குற்றமில்லை’ என்று தீர்ப்பெழுதும் உரிமையும் யாருக்கும் கிடையாது என்பதுதான் என் வழக்கு. சுற்றுச்சூழல் ஆபத்தைத் தேடும் வேலை புகைபோக்கியில் தொடங்கக் கூடாது. மூச்சு வாங்கும் பிள்ளையிடம் தொடங்கி, அங்கிருந்து பின்னோக்கி நடந்து சாலைக்கும் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் போக வேண்டும். அப்படி நடக்கத் தெரிந்த துறை சுகாதாரத் துறை ஒன்றுதான்.

ரெட்டிபாளையத்து மக்களுக்கும், தூசிக்குள் வாழும் மற்ற ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த கிராம சபையில் ‘தூசியை நிறுத்து’ என்று மட்டும் தீர்மானம் போடாதீர்கள். அதற்கு ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்ற பதில் தயாராக இருக்கிறது. மாவட்ட சுகாதார அலுவலரின் பெயருக்கு மூன்று கோரிக்கைகளை எழுதுங்கள். ஓ.பி. நோட்டில் இழுப்புக்குத் தனிக் கட்டம் போட்டு, ஊர், தெரு, வேலை, வந்த நேரம் எழுத வேண்டும். ஆலை ஓரத்து ஊரிலும் தூரத்து ஊரிலும் பள்ளிப் பிள்ளைகளின் மூச்சை ஆண்டுக்கு ஒருமுறை அளந்து ஒப்பிட வேண்டும். அந்தக் கணக்கையும், காற்றின் அளவை மணிக்கு மணி பிரித்த கணக்கையும் தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். தீர்மானம் போட்டு, கையெழுத்து வாங்கி, நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து ‘நிரூபணம் இல்லை’ என்று யார் சொன்னாலும், ‘தேடினீர்களா?’ என்று அந்த நகலைக் காட்டிக் கேளுங்கள்.